உட்கார வைத்துப் புதைத்த துரை

எங்கள் தோட்டத்துத் துரைசாமிக்கு வெள்ளிக்கிழமை தோறும் சுருட்டும் சாராயமும் வைப்போம். சிரிக்காதீர்கள். புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறுகிற பஸ்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சக்தியுள்ள சாமி என்று. பழைய பங்களாவுக்குப் பின்னால், ரப்பர் மரங்கள் முடிகிற மேட்டில், இரும்புக் கம்பி வேலிக்குள் ஒரு சின்னக் கல்லறை. கல்லில் எழுத்து இருந்த இடம் பாசி பிடித்து மழுங்கிவிட்டது. மழுங்காமல் இருந்தாலும் எனக்கென்ன, நான் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள்.

கல்லறை ரொம்பச் சின்னது. ஓர் ஆளை நீட்டிப் படுக்கவைக்க இடம் போதாது. அதற்கும் எங்கள் ஆட்கள் காரணம் வைத்திருந்தார்கள். சித்தர்களையும் சாமியார்களையும் நாங்கள் உட்கார வைத்துத்தானே குழியில் இறக்குவோம்? இந்தத் துரையும் அப்படிப்பட்ட மகான், உட்கார்ந்தபடியே சமாதியாகிவிட்டார் என்றார்கள். எந்த ஊரிலாவது வெள்ளைக்காரனை உட்கார வைத்துப் புதைப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் மகன் வயிற்றில் இருந்தபோது அந்தக் கம்பியில்தான் துணித்தொட்டில் கட்டி வேண்டிக்கொண்டேன். அவன் இப்போது பலாங்கொடையில் கல்யாணம் முடித்து அங்கேயே இருக்கிறான். அவனுடைய மாமியார் ஊற்றுகிற தேத்தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும், விடுங்கள்.

போன வருடம் மழை விட்டிருந்த ஒரு காலையில் வேனில் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து இறங்கினாள். அறுபது வயது இருக்கும். கூட வந்த டிரைவர் கொழும்புச் சிங்களவர். அந்த அம்மா இங்கிலீஷில் சொல்வதை அவர் சிங்களத்தில் சொன்னார். சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. துரைசாமிக்குப் பூசை வைப்பது என் கொழுந்தன். வேனைப் பார்த்ததும் ஓடி வந்துவிட்டான்.

"மதினி, சுதுநோனா வந்திருக்கு. சாமிக்கு வெளிநாட்டுச் சரக்கு ஏதும் கொண்டாந்திருக்கும்."

"வாயக் கழுவு. அது மொகத்தப் பாரு, எழவு வீட்டுக்கு வந்தது மாதிரி இருக்கு."

நாங்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பையிலிருந்து தாள்களை எடுத்தாள். அவளுடைய ஊர் வேல்ஸாம், இங்கிலாந்து இல்லையாம். வெள்ளைக்காரர் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்டேன். டிரைவர் அதைச் சொன்னதும் பலமாகத் தலையை ஆட்டினாள். அவர்களுக்கு வேறு பாஷையாம். அதைப் பள்ளிக்கூடத்தில் பேசினதற்காக ஒரு காலத்தில் பிள்ளைகளை அடித்தார்களாம்.

"அப்ப நம்ம ஆளுதான்" என்றேன்.

"சொந்தமும் கொண்டாடியாச்சா?" என்றான் கொழுந்தன்.

அவள் விரலை வைத்துக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவர்கள் ஊரில் பத்து வருடத்துக்கு ஒரு முறை வீடு வீடாக ஆட்களைக் கணக்கெடுப்பார்களாம். பழைய கணக்கொன்றில் அவளுடைய பாட்டனாரின் அப்பா, அம்மா, ஒரு வயதுப் பெண்பிள்ளை. அடுத்த கணக்கில் அதே அப்பா, அதே அம்மா, இரண்டு பையன்கள். பெண்பிள்ளை இல்லை. ஊர் மயானத்திலும் இல்லை. வீட்டில் அப்படி ஒருத்தி பிறந்ததாகவே யாரும் பேசினதில்லை. நடுவில் இருந்த வருடங்களில் அந்த மனுசன் எங்கள் தோட்டத்தில் துரையாக இருந்திருக்கிறான். துரையின் பெண்சாதி இங்கிருந்து தன் அக்காவுக்கு எழுதின கடுதாசிகள் இவளுடைய அம்மாவிடம் இருந்தன. அந்தத் தாய்க்காரி இப்போது படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளாம். "அந்தப் பிள்ளை எங்கே கிடக்கிறதோ, ஒரு தடவை பக்கத்தில் போய் நின்றுவிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கேகாலை, இரத்தினபுரி என்று எல்லா வேதக்கோயில் மயானத்திலும் இவள் தேடிவிட்டாள். மறுநாள் பிளேன்.

பங்களாவுக்குப் பின்னால், ஓடைச் சத்தம் கேட்கிற மேட்டில் என்று கடுதாசியில் இருக்கிறதாம். அங்கே ஒரு சின்னப் பிள்ளையின் குழி இருக்கிறதா என்று கேட்டாள்.

அது எந்த மேடு என்று எனக்குப் புரிந்துவிட்டது. கொழுந்தனுக்கும் புரிந்துவிட்டது.

"மதினி, வாயத் தொறக்காத. இத்தன காலமும் கும்புட்ட சாமி சின்னப்புள்ளன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஒனக்கு சாராயம் போயிருமேன்னு பயம்."

"பின்ன, அந்தப் புள்ளைக்கு இப்ப நூறு வயசு தாண்டிருக்கும். குடிச்சா என்னா?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்துக்கொண்டே எழுந்து, "வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

கல்லறையின் தலைமாட்டில் ஒரு சின்ன மிருகம் செதுக்கியிருக்கும். துரையின் நாய் என்று அதற்கும் பொட்டு வைத்து பிஸ்கட் போடுவோம். அந்த அம்மா மண்டியிட்டு, சந்தனத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கைலேஞ்சியால் துடைத்தாள். அது நாய் இல்லை, ஆட்டுக்குட்டி. அவர்கள் ஊரில் பிள்ளைகளின் குழியில்தான் ஆட்டுக்குட்டி வைப்பார்களாம். சொல்லிவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் சுருட்டுத் துண்டுகளையும் காலிப் போத்தலையும் பார்த்து, இதெல்லாம் என்ன என்று கேட்டாள். ஒளிக்காமல் சொன்னேன். அதை இங்கிலீஷில் சொல்வதற்குள் டிரைவருக்கு வேர்த்துவிட்டது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். காலில் அட்டை ஏறினதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் பிடுங்கிப் போட்டேன்.

கடுதாசியைப் படித்துக் காட்டினாள். மழைக்காலம், வயிற்றாலே போய் மூன்று வயதில் செத்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க லயத்துப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டுக்கொண்டே இருந்ததாம். பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயாவின் மகனும் அதே வாரம் போய்விட்டான். "மறுநாள் காலையில் ஆயா எப்போதும்போல் வந்து குளிப்பாட்ட வெந்நீர் போட்டாள். குளிக்கப் பிள்ளை இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தண்ணீர் ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தோம்."

ஆயாவின் பெயர் என்ன என்று கேட்டேன். ஆயா என்று மட்டும்தான் இருக்கிறதாம். அவள் மகனை எங்கே புதைத்தார்கள்? அது எழுதியில்லை. உங்கள் பக்கத்துக் கணக்கில் இருக்காதா என்று அவள் என்னைக் கேட்டாள். எங்களைக் காலையில் பெரட்டுக் களத்தில் நிறுத்தி எண்ணுவார்கள், வேலைக்கு வந்த ஆளை மட்டும் என்றேன்.

அப்படியே வாயில் வந்து சொல்லிவிட்டேன், எனக்கும் மகனுக்கு முன்னால் இரண்டு போய்விட்டன என்று. எங்கே என்று கேட்டாள். கீழே சரிவைக் காட்டினேன். பழைய ரப்பரைப் பிடுங்கி மெஷினால் கிளறிப் புதுக்கன்று வைத்த சரிவு. இப்போது அந்த மரங்களிலும் பால் வெட்டுகிறார்கள். எந்த மரத்தடி என்று எனக்குத் தெரியாது. எங்களில் பொம்பளைகள் குழிமேட்டுக்குப் போவதில்லை.

அவள் அந்தக் கணக்குத் தாளைத் திருப்பி, பேனாவை எடுத்து, அவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. மூத்ததின் பெயரைச் சொன்னேன். எழுதினாள். இரண்டாவது பெண். பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் போய்விட்டாள், பெயர் இல்லை என்று டிரைவரிடம் சொன்னேன்.

"இருக்கு மதினி" என்றான் கொழுந்தன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றான். அன்றைக்குப் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிப் போனவன் அவன்தான். அப்போது மீசைகூட முளைக்கவில்லை அவனுக்கு.

"பேரு இல்லாம எப்பிடி மண்ணு போடுறது? நானா ஒரு பேரச் சொல்லிக் கூப்புட்டுத்தான் போட்டேன். அண்ணன்கிட்டகூடச் சொல்லல."

"என்னா பேரு?"

சொன்னான். டிரைவர் அதை மெதுவாக இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா எழுதினாள். என் மகளின் பெயரை அன்றைக்குத்தான் நான் முதல்தடவையாகக் கேட்டேன்.