அமாவாசை அறிவிப்பு

இது ஆரணியில் நடந்தது. போன புரட்டாசியில், பட்டப்பகலில். நம்பாதவர்கள் ஆற்றங்கரை டீக்கடையில் போய்க் கேட்கலாம். அன்று அங்கே நின்றவர்கள் இன்றும் அங்கேதான் டீ குடிக்கிறார்கள். ஒருவர்கூட வார்த்தை மாற்றிச் சொல்வதில்லை. கன்னியம்மாளிடம் மட்டும் கேட்க வேண்டாம்.

ஊருக்கென்று ஒரு சின்ன வானொலி உண்டு. போளூர் ரோட்டில் ஒரு மாடி, இரண்டு அறை. களம்பூரைத் தாண்டினால் கேட்காது. ஆனால் ஆரணியில் தறி இருக்கிற வீட்டிலெல்லாம் அதுதான் பாடும். காலும் கையும் தறியில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது. பாட்டுக்கு நடுவே அறிவிப்பு வரும். நாளைக்குக் கரண்ட் இருக்காது. குழந்தைக்குச் சொட்டு மருந்து. ஆற்றில் தண்ணீர் வருகிறது.

அந்தத் தண்ணீர் அறிவிப்பைப் பேசியவர் முருகேசன். நெசவாளி. வானொலியில் வேலை செய்யும் லாவண்யாவின் அப்பா. மைக் முன்னால் உட்காரவைத்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் லாவண்யா ரெக்கார்டரை வீட்டுக்கே எடுத்துப்போய், அவர் நெய்துகொண்டிருக்கும்போதே பேசவைத்தாள். பேச்சுக்குப் பின்னால் தறி கேட்கும். சடக்... தட். சடக்... தட்.

"ஆத்தாண்ட இருக்கறவங்களுக்குச் சொல்றேன். மலையில மழை. தண்ணி வந்துகினு இருக்குது. துணியும் வேணாம், மாடும் வேணாம். ஜல்தியா மேல ஏறுங்க."

மைக் கட்டிய ஜீப்புக்கு அசையாத ஜனம், முருகேசன் சொன்னால் ஏறிவிடும்.

அமாவாசை அன்று மட்டும் அறிவிப்பு கிடையாது. அன்று ஆரணியில் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் வானொலியை யார் வைக்கப்போகிறார்கள் என்று, பக்திப் பாட்டை வரிசையாகப் போட்டுவிட்டு நிலையத்தைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தறி நிற்கிற அந்த நாளில்தான் ஊரே திதி கொடுக்க ஆற்றில் இறங்கி நிற்கும். அது யாருக்கும் தோன்றவில்லை.

முந்தின வருஷம் மகாளய அமாவாசைக்கு முருகேசன் தன் அப்பாவுக்குத் திதி கொடுக்க இறங்கினார். ஜவ்வாது மலையில் மழை. தண்ணீர் வந்தது. எச்சரிக்கை அவர் குரலிலேயே பூட்டிய அறைக்குள் கிடந்தது. உடம்பு வெகுதூரம் தள்ளி, முள்மரத்தில் சிக்கிக் கிடைத்தது.

அதற்குப் பிறகு அமாவாசைக்கும் ஆள் வேண்டும் என்று ஏற்பாடானது. லாவண்யாவே அந்த நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். செத்தவர் குரலில் எச்சரிக்கையைக் கேட்க முடியவில்லை என்று நேயர்கள் சொன்னார்களாம். நிலையப் பொறுப்பாளர் சந்திரமோகன் அந்தப் பதிவை அழிக்கச் சொன்னார். லாவண்யா அழித்தாள். அவளாலும் அதைக் கேட்க முடியவில்லை. பிரதிகூட வைக்கவில்லை. அதை அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அம்மா கன்னியம்மாள் விடிந்ததும் வானொலியை வைத்துவிடுவாள். அவர் குரல் வீட்டில் வேறெதிலும் இல்லை.

"ஒரே ஒரு தபா போடேன்டி."

"தண்ணி வராதப்போ தண்ணி வருதுன்னு போடச் சொல்றியாம்மா?"

"ரேடியோக்காரிக்குச் சட்டம் பேசத் தெரியுது" என்பாள். மறுநாள் மறுபடி கேட்பாள்.

வருஷம் திரும்பியது. அதே அமாவாசை. ஆண்பிள்ளை இல்லாத வீடு. நானே போய் எள்ளும் தண்ணீரும் விடுகிறேன் என்று கன்னியம்மாள் ஆற்றுக்குக் கிளம்பினாள். லாவண்யா நிலையத்தில் இருந்தாள். மலைப்பக்கம் போன் போட்டு இரண்டு முறை விசாரித்தாள். மழை என்று யாரும் சொல்லவில்லை. வானம் வெளுத்துக் கிடந்தது.

பதினொன்று நாற்பது. அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது.

கம்ப்யூட்டரில் நிற்கவில்லை. திரையில் நொடிகள் ஓடின. ஸ்பீக்கரில்தான் நின்றது.

பிறகு...

சடக்... தட்.

சடக்... தட்.

"ஆத்தாண்ட இருக்கறவங்களுக்குச் சொல்றேன்."

அதே வார்த்தைகள். அதே மூச்சு. ஆனால் குரல் ஈரமாக இருந்தது. தொண்டையில் மண் இருப்பதுபோல... இழுத்து இழுத்து.

"ஜல்தியா மேல ஏறுங்க."

அதோடு முடியும். எப்போதும் அதோடுதான் முடியும்.

முடியவில்லை.

சடக்... தட்.

"கன்னிம்மா... நீயும் ஏறு."

பாட்டு திரும்ப வந்தது.

லாவண்யா அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. படியிறங்கி வண்டியை எடுத்தாள்.

அவள் போனபோது கரை முழுக்க ஜனம். கீழே மணல் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர், கரைக்குக் கரை. ஒரு மரம் வேரோடு போய்க்கொண்டிருந்தது.

கன்னியம்மாள் டீக்கடை பெஞ்சில் இருந்தாள். இடுப்புவரை ஈரம்.

டீக்கடை குப்புராஜ்தான் சொன்னார். கடை ரேடியோவில் முருகேசன் குரல் வந்ததாம். செத்த மனுஷன் குரலாயிற்றே என்று யாரும் நிற்கவில்லை. பழக்கத்தில் கால் தானாக ஏறிவிட்டதாம். பிறகு அந்தப் பேர். யார் கன்னியம்மா என்று திரும்பிப் பார்த்தால், ஆற்று நடுவில் ஒரு பொம்பளை மட்டும் கண்ணை மூடி நின்றுகொண்டிருக்கிறாள். குப்புராஜ் இறங்கி ஓடினார்.

"கையைப் புடிச்சு இழுத்துகினு வந்து மேல ஏத்தறேன்மா. பின்னாலயே தண்ணி."

லாவண்யா அம்மாவின் கையைப் பிடித்தாள். எள் இன்னும் விரலில் ஒட்டியிருந்தது.

"நைனா குரலைக் கேட்டியாம்மா?"

கன்னியம்மாள் சுற்றி நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டாங்களாம்டி. எனக்குப் பாட்டுதான் கேட்டுகினு இருந்துச்சு."

வானொலியில் போவதையெல்லாம் இன்னொரு கம்ப்யூட்டர் தானாகப் பதிந்துவைக்கும். மறுநாள் சந்திரமோகன் அதை ஓடவிட்டார். கன்னியம்மாள் முதல்முறையாக நிலையத்துக்குள் வந்து, ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்று நாற்பதில் பாட்டு நிற்கிறது.

குரல் இல்லை. ஒரு சொல்கூட இல்லை.

தறி மட்டும். சடக்... தட். சடக்... தட்.

அமாவாசை. அன்று ஆரணியில் ஒரு தறிகூட ஓடவில்லை.

சந்திரமோகன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கன்னியம்மாள் அசையவில்லை.

"அவரு தறிதான்" என்றாள்.

தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள், அவர் பேசுவதற்கு. பாட்டு வந்துவிட்டது.

"இன்னொரு தபா போடு."

லாவண்யா போட்டாள்.