எனிட்டின் இரண்டாவது வாக்கு

இங்கிலாந்தின் வடகடலோரத் துறைமுக ஊரில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக வாக்குக் கேட்டுக் கதவு தட்டியே எனிட் பார்க்கினுக்கு முடி நரைத்தது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் கதவைத் திறக்காமலே திட்டுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணவன் வில்ஃப் மீன்பிடிப் படகு வைத்திருந்தான். பிரஸ்ஸல்ஸிலிருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வளவு மீன்தான் பிடிக்கலாம் என்று அளவு விதித்தபின் படகு பழைய இரும்புக்குப் போனது. அன்று முதல் ஐரோப்பா என்றாலே எனிட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ரோலண்ட் ஹெஸ்கெத்தோ ஐரோப்பிய ஒப்பந்தத்தை ஆதரித்து வாக்களித்தவர். ஆனால் வில்ஃப் நெஞ்சுவலியில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவரும் அவர்தான்.

அடுத்த தேர்தலிலும் அவரையே நிறுத்துவதா என்று முடிவுசெய்யக் கட்சியின் தொகுதிச் சங்கம் கூடியது. அந்த வருடம் எனிட்தான் தலைவி. கிளம்பும்போது வில்ஃப் சொன்னான்:

"என் படகை நெனச்சுக்கிட்டு எழுது."

அவளும் சீட்டில் ஹெஸ்கெத் வேண்டாம் என்றே எழுதிப் பெட்டியில் போட்டாள். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். அப்படி வந்தால் தலைவிக்கு இன்னொரு வாக்கு உண்டு; இனி அந்த இரண்டாவது வாக்குதான் முடிவு.

பின்வரிசையிலிருந்து கசாப்புக்கடை கிளிஃப் மெதுவாகச் சொன்னான்:

"ஒரே வார்த்தை, எனிட். ஆளு போயிடுவாரு."

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரிசமம் வந்தால், ஏற்கெனவே உள்ள நிலையைத் தலைவர் தன் வாக்கால் மாற்றக் கூடாது. மாற்றம் வேண்டுமென்றால் பெரும்பான்மை தானாக வரவேண்டும். முன்பு ஐரோப்பாவைக் கண்டித்து எனிட் கொண்டுவந்த தீர்மானமே இப்படித்தான் தோற்றது. அன்று அவள் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டாள். இன்று தனக்கு இடைஞ்சலானதும் வழக்கத்தைத் தூக்கிப்போட அவளால் முடியவில்லை.

"அவரே இருக்கட்டும்" என்றாள்.

கிளிஃப் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். வெளியே காத்திருந்த ஹெஸ்கெத் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்னைக் கைவிடமாட்டீங்கன்னு தெரியும், எனிட்."

"நான் உங்களுக்கு எதிராத்தான் எழுதினேன். உங்களைக் காப்பாத்தினது நான் இல்ல, இந்தத் தலைவி நாற்காலி. அடுத்த தடவை உங்களுக்கு எதிரா எழுத இன்னும் ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வருவேன்."

வீட்டில் வில்ஃப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"என் படகுல நீ கேப்டனா இருந்திருந்தா, வழக்கம் பாத்துக்கிட்டு நாம கரையிலயே நின்னிருப்போம், கிழவி."

ஆனாலும் அவளுக்கான மீனையும் உருளைக்கிழங்கையும் அடுப்பில் சூடாக வைத்திருந்தான்.

வசந்தத்தில் தேர்தல் வந்தது. ஹெஸ்கெத் படம் போட்ட துண்டறிக்கைகளோடு எனிட் மறுபடியும் கதவு தட்டினாள். வில்ஃப்தான் காரை ஓட்டினான். அவருக்காகக் கதவு தட்ட இறங்க மட்டும் மறுத்துவிட்டான்.