கங்காணி நிற்காத வரிசை

டிஜிட்டல் கேமரா பதுளைக்கு வந்த புதிதில், என் ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சட்டைப் பையில் போடுகிற சின்னது நல்லதா, கழுத்தில் மாட்டுகிற எஸ்.எல்.ஆர். நல்லதா? கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த இடுப்புவலியோடு, எடுக்கிற ஆளைப் பொறுத்தது என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையில் எனக்கே பதில் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு அப்பாவிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்கு அலுத்துப்போன வேலை ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டத்தில் யாராவது இறந்தால், அவருடைய அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதிலிருக்கும் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட வசதியாகக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர வேண்டும். பெரும்பாலும் வேறு படமே இருக்காது. வாய் ஓயாமல் பேசிய மனிதர்கூட அந்தப் படத்தில் திருடிப் பிடிபட்டவர் மாதிரி முழித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் ஆயுசு முழுக்க அந்த முழியைத்தான் கும்பிட வேண்டும். அப்பாவின் இருதயம் பலவீனமாகிவிட்டது, அதிக நாள் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அந்த முழிதான் ஞாபகம் வந்தது. அவர் தன்னை மறந்து சிரிக்கும் படம் ஒன்றையாவது எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அப்பா கங்காணியாக இருந்தவர். கொழுந்து எடுக்கிறவர்களை அதட்டி அதட்டியே முகம் இறுகிப்போயிருந்தது. வேலையை விட்ட பிறகும் அது இளகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் சாக்கை விரித்துச் சீட்டு ஆடும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். கையிலிருந்த துருப்பை ஓங்கிப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்கச் சிரிப்பார். வீட்டில் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை என்று அம்மாவுக்கே மனக்குறை இருந்தது.

முதலில் சின்ன கேமராவைத்தான் கொண்டுபோனேன். கண்ணுக்குப் படாத சாமானால்தான் மனுஷனை மனுஷனாக எடுக்க முடியும் என்று பக்கத்துப் புடவைக்கடைக்கார நானா சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கேமராவை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அப்பா ஒருமுறை பார்த்துவிட்டு, விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் பொத்தானை அமுக்கினால் அந்தச் சனியன் கொஞ்ச நேரம் யோசிக்கும். யோசித்துப் படம் பிடிப்பதற்குள் சிரிப்பு முடிந்திருக்கும். வாயைத் துடைக்கும் அப்பா, சீட்டு அடுக்கும் அப்பா, வெற்றிலை துப்பத் திரும்பும் அப்பா என்று என்னிடம் நிறைய அப்பாக்கள் சேர்ந்தார்கள். சிரிக்கப் போகிறார் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே அமுக்கினால், அந்த ஆட்டத்தில் தோற்றுத் தொலைப்பார். வாரா வாரம் மலையேறி இறங்கி எனக்கு வெறுத்துவிட்டது.

கடைசியில் பண்டாரவளையில் ஒரு கல்யாணப் படக்காரர் விற்ற பழைய எஸ்.எல்.ஆர். ஒன்றை வாங்கினேன். அமுக்கிய கணமே படம் விழும். இனிக் கவலையில்லை என்று அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். பையிலிருந்து அதை வெளியே எடுத்ததுதான் தாமதம், அப்பா சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

அந்த அளவு கேமராவைத் தோட்டத்து ஆட்கள் பார்த்தது அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க ஆள் வந்தபோது மட்டும்தான். அன்றைக்கும் ஆட்களை வரிசையில் விட்டவர் அப்பாதான். காலையில் வேலை பிரிக்க ஆள் நிறுத்தும் பெரட்டுக்களத்துக் குரல் அவருக்குத் தானாக வந்துவிட்டது. எல்லோரையும் சட்டை மாட்டி வரச் சொன்னார். சீட்டாடியவர்கள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய், தண்ணீர் தொட்டுத் தலை வாரி வந்தார்கள். நெட்டை பின்னால், குட்டை முன்னால் என்று லயத்துச் சுவரோரம் நிறுத்தினார்.

"அப்பா, நீங்க பாட்டுக்கு ஆடுங்க. நான் சும்மா எடுக்கிறேன்" என்றேன்.

"சும்மா எடுக்கவா இம்மாம் பெரிய கேமராவ தூக்கிக்கிட்டு வந்த?"

இனி என்ன சொன்னாலும் எடுபடாது. சரி, வரிசையிலாவது வந்து நில்லுங்கள் என்று கெஞ்சினேன். கங்காணி எங்கேயாவது பெரட்டில் நிற்பானா என்று என்னையே கேட்டுவிட்டு, என் இடது தோள் பக்கம் வந்து ஆட்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

நான் கேமராவுக்குள் பார்த்தேன். அத்தனை பேரும் அடையாள அட்டை முழி முழித்துக்கொண்டிருந்தார்கள். சலிப்போடு வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா ஏதோ சொன்னார். வரிசை முழுவதும் குபீரென்று சிரித்தது. நான் அமுக்கினேன். என் காதோரத்தில் அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டென்று கேமராவோடு அவர் பக்கம் திரும்பினேன். அதற்குள் கைகளைத் தொங்கவிட்டு, வாயை இறுக்கி மூடி, படத்துக்குத் தயாராகிவிட்டார். இந்தக் கேமரா தாமதிக்கவில்லை, நான்தான் திரும்பத் தாமதித்தேன்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. வாசலில் சாக்கு விரிக்க முடியவில்லை. அப்பா படுக்கையை விட்டு எழவும் இல்லை. மழை விடுவதற்குள் போய்விட்டார்.

அம்மா அடையாள அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊராருக்குச் செய்வது போலவே அதைப் பெரிதாக்கி, கறை நீக்கி, சட்டம் போட்டேன். கம்ப்யூட்டர் திரையில் அந்த முழியைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இரண்டு கேமராவையும் கொண்டுபோய் ஆற்றில் வீசலாம் போலிருந்தது. காரியம் முடிந்த மறுநாளே அவற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு அந்த வரிசைப் படத்தைப் பிரதி போட்டு, அதில் நின்றவர்களுக்குக் கொடுத்தேன். ஒருவருடைய கண்ணும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் ஒரு பக்கமாக, அப்பா நின்ற இடத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவோடு எப்போதும் ஜோடி சேர்ந்து ஆடுகிற பெரியவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அன்றைக்குப் போலவே தோள் குலுங்கச் சிரித்தார். அப்பா அன்றைக்கு என்னதான் சொன்னார் என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஒங்களுக்குக் கேக்கலயா தம்பி? ஒங்க பக்கத்துலதான நின்னாரு."