நான் வெட்டிய நாலு அங்குலம்

இந்த நாட்டுக் கடைகளில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு அளவான கோட் கிடைக்காது. தோள் சரியென்றால் கை விரலை மூடும். கை சரியென்றால் வயிற்றில் பொத்தான் பூட்டாது. லண்டன் நோர்பரியில் ஒரு டிரை கிளீனிங் கடையின் முன்மூலையில் தையல் மெசினோடு இருபது வருடமாக நான் பிழைப்பது இதனால்தான். ஏலாது, முடியாது என்று ஒரு உடுப்புக்கும் நான் சொன்னதில்லை. விம்பிள்டன் கோயிலுக்குப் போனால், சாமியைக் கும்பிட முதல் எனக்கு முன்னால் நிற்பவர்களின் கோட் விளிம்பைத்தான் என் கண் பார்க்கும். பாதி என்னுடைய தையலாக இருக்கும். மீதியை யாரோ கெடுத்திருப்பார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், எனக்குத் தலைக்கனம் இருந்தது. நடந்ததைச் சொல்ல அது தேவைப்படும் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் தம்பி நோர்வேயின் வடக்கே ஒரு மீன் ஃபக்டரியில் வேலை செய்கிறான். ஊரைவிட்டு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அங்கே போய் இறங்கினோம். நான் கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்துவிட்டேன். அவன் அங்கேயே நின்றுவிட்டான். கிழமை முழுக்க மீன் வெட்டுகிறவன் சனிக்கிழமையிலாவது மீனைப் பார்க்காமல் இருக்க வேண்டாமா? இல்லை. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, குட்டி ஸ்டூலில் இருந்துகொண்டு தூண்டில் போடுவான். அதில் என்ன சுகம் என்று கேட்டால், "அங்கை ஒருத்தரும் என்னோடை கதைக்காயினம் அக்கா, அதுதான்" என்பான். வீட்டில் மனைவியும் மூன்று பெண்களும் இருப்பதால் அதை நம்பலாம்.

போன மாரிக் குளிரில் அவனோடு வேலை செய்யும் ஒருவர் ஐஸ் உடைந்து ஏரிக்குள் விழுந்துவிட்டார். அவரைக் காப்பாற்றியது அவர் போட்டிருந்த மிதக்கும் உடுப்பு. தலை தண்ணீருக்கு மேலேயே நின்றதால், மற்றவர்கள் கயிறு எறிந்து இழுத்தெடுக்க நேரம் கிடைத்தது. அன்றைக்கு என் தம்பி போட்டிருந்தது ஜீன்ஸும் ஃபக்டரியில் கொடுத்த ஜக்கெட்டும். அதைக் கேட்ட அவன் மனைவி, என் மச்சாள், அன்றே முடிவாகச் சொல்லிவிட்டாள்: அப்படியொரு உடுப்பு வாங்காமல் இனி ஐஸில் கால் வைக்கக் கூடாது. தைப்பொங்கலுக்கு அவன் லண்டன் வந்தபோது எனக்கு டெலிபோன் எடுத்தாள். "அக்கா, உங்களுக்குத்தான் உடுப்பைப் பற்றித் தெரியும். நீங்களே கூட்டிக்கொண்டு போய் நல்லதா ஒண்டு வாங்கிக் குடுங்கோ. இவரை விட்டால் ஸ்டைலைப் பாத்துத்தான் வாங்குவார்" என்றாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. முதல் கடைக்குள் நுழைந்த உடனேயே தொப்பியில் மயிர் வைத்த ஒரு கறுப்பு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பி நின்றான்.

"கழட்டு. உதுக்குள்ளை இருக்கிறது வாத்து இறகு. காய்ஞ்சிருந்தால்தான் சூடு. நனைஞ்சால் பாரந்தான் மிச்சம்."

"நான் விழமாட்டன் அக்கா."

"அப்ப ஏன் என்னோடை கடைக்கு வந்தனி? வீட்டிலையே இருந்திருக்கலாம்."

கிழக்கு லண்டனில் கடல் மீன்பிடிச் சாமான் விற்கும் ஒரு கடையை என் மகள் தேடித் தந்தாள். இரண்டு ரயில் மாறிப் போனோம். கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். லண்டனில் ஐஸ் மீன்பிடிக்கு உடுப்புக் கேட்டு யாரும் வந்ததில்லையாம். இங்கே குளத்தில் பாலாடை போல ஐஸ் படிந்தாலே கவுன்சில்காரர் ஓடிவந்து எச்சரிக்கைப் பலகை நடுவார்கள். ஆனால் வட கடலில் படகில் போகிறவர்கள் போடும் உடுப்பும் அதே வேலையைத்தான் செய்யும் என்று சொல்லி, உள்ளேயிருந்து மூன்றை எடுத்து வந்து போட்டார்.

தொழில்காரியின் கண்ணோடு நான் பார்த்தேன். மார்பிலும் முதுகிலும் கையிலும் காலிலும் மெல்லிய ஃபோம் வைத்துத் தைத்திருந்தார்கள். அதுதான் மிதக்கவும் வைக்கும், குளிரையும் தடுக்கும். இழுத்துப் பூட்டும் சிப்பின் நுனியில் பெரிய வளையம். தடித்த கையுறையோடு நானே அதை மேலும் கீழும் பத்துத் தரம் இழுத்துப் பார்த்தேன். கணுக்காலில் இறுக்கிக் கட்டும் பட்டி. தம்பிக்கு நீலம் வேண்டும். நான் செம்மஞ்சளை எடுத்தேன்.

"றோட்டுக் கிண்டிறவன் மாதிரி இருக்குமக்கா."

"றோட்டுக் கிண்டிறவனைத் தூரத்திலையே காணலாம். அதுக்குத்தான்."

உள்ளே போட கம்பளி பனியன் வாங்கினோம். பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிர வைக்கும் என்றார் கடைக்காரர். அது எனக்குத் தெரியும், என்றாலும் தலையாட்டினேன். தடித்த சொக்ஸ் போட்டாலும் விரல் அசைகிற மாதிரி ஒரு அளவு பெரிய சப்பாத்து. கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறு. அதன் இரண்டு நுனியிலும் ஆணி வைத்த கைப்பிடி. விழுந்தால் அதை ஐஸில் குத்தித்தான் மேலே ஏற வேண்டுமாம். அதைக் கையில் வாங்கியபோதுதான், நாங்கள் உடுப்பு வாங்க வரவில்லை, இவன் விழப்போகும் ஒரு நாளுக்காக வந்திருக்கிறோம் என்று எனக்கு முதல்முறையாக உறைத்தது. தம்பி அதை வைத்துக் கடைக்காரரின் மேசையைக் குத்துவது போல விளையாடிக்கொண்டிருந்தான்.

எல்லாம் சரி, அளவுதான் சரியில்லை. கடையில் இருந்த ஆகச் சிறியது அதுதான். அதற்குள்ளும் அவன் தொலைந்துபோனான். கால் நிலத்தில் மடிந்து கிடந்தது, இடுப்பில் இன்னொரு ஆள் புகலாம். இன்னும் சின்ன அளவு இருக்கிறது, வரவழைக்க மூன்று கிழமை ஆகும் என்றார் கடைக்காரர். தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை பிளேன். நான் அவனுடைய கால் மடிப்பைக் குனிந்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இதை மட்டும் வெட்டித் தைக்கக் கூடாது என்று அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். லேபிளிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

நான் சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். லேபிளை நம்பினால் எனக்குத் தொழில் ஓடாது. தண்ணீரே படக்கூடாது என்று எழுதியிருக்கும் எத்தனை கோட்டை நான் வீட்டுக் குளியலறையில் கழுவிக் கொடுத்திருக்கிறேன். கம்பனிக்காரன் தன்னைக் காப்பாற்ற எழுதுவது லேபிள். தையல் தெரிந்தவளுக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முழுக்க அந்த உடுப்போடு இருந்தேன். காலில் நாலு அங்குலம் எடுத்தேன். கணுக்கால் பட்டியும் அதோடு போனது; அதைத் திரும்ப வைத்துத் தைத்தால் தடிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இடுப்பைப் பிடிக்க, இரண்டு பக்கமும் உள்ளே இருந்த ஃபோம் துண்டுகளை எடுத்துவிட்டு மடித்துத் தைத்தேன். தடித்த ஊசி இரண்டு முறிந்தது. பின்னேரம் தம்பி போட்டுப் பார்த்தான். உண்மையிலேயே அழகாக இருந்தது. "அக்கா, கோட் சூட் மாதிரியெல்லோ இருக்கு!" என்று கலியாண மண்டபத்தில் நடப்பது போல வீட்டு ஹோலுக்குள் நடந்து காட்டினான். அப்போது எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவன் மறுநாள் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை காலை, கடையில் வெட்டுத்துணிப் பையைத் துப்புரவாக்கியபோது அந்த ஃபோம் துண்டுகள் கையில் தட்டுப்பட்டன. மெசினில் எண்ணெய் துடைக்க உதவும் என்று நினைத்து, கழுவலாம் என்று சிங்கில் தண்ணீர் நிறைத்துப் போட்டேன். மிதந்தன. கையால் அமுக்கினேன். விட்டவுடன் துள்ளி மேலே வந்தன. இரண்டு கையாலும் ஆழத்தில் அமுக்கிப் பிடித்தேன். உள்ளங்கையை அவை மேல்நோக்கித் தள்ளிய பலம் சின்னப் பலமில்லை.

நான் வெட்டி எறிந்தது இதைத்தான். மிதக்க மார்பிலும் முதுகிலும் இருப்பதே போதும், இடுப்பில் இருப்பது மெத்தென்று இருக்க வைத்தது என்று நினைத்து, அவனைத் தண்ணீருக்கு மேலே பிடித்து வைத்திருக்க வேண்டியதைத் எண்ணெய் துடைக்கும் துண்டாக்கி வைத்திருக்கிறேன்.

கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் மச்சாளுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"அவர் காலமையே வெளிக்கிட்டிட்டார் அக்கா."

"எதைப் போட்டுக்கொண்டு போனவன்?"

"நீங்கள் தைச்சுக் குடுத்ததைத்தான். எனக்கு இப்பதான் நிம்மதி. முந்தியெண்டால் தடிச்ச உடுப்பு எதையும் பாரமெண்டு சொல்லிப் போடமாட்டார். இப்ப கழட்டச் சொன்னாலும் கழட்டாராம்."

"அவனை உடனை எனக்கு எடுக்கச் சொல்லு."

"அந்த ஏரியிலை சிக்னல் இல்லையே. ஏன் அக்கா, என்ன பிரச்சினை?"

ஒன்றுமில்லை என்றேன். இருக்கிற ஒரு நிம்மதியையும் பறித்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது முழு உண்மையில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு வந்த ஐந்து மணித்தியாலத்தில் நான் ஒரு தையலும் போடவில்லை. தமிழ்நாட்டு டொக்டர் ஒருவர் புதுக் கோட்டோடு வந்தார். "அக்கா, கை மட்டும் ஒரு இன்ச் குறைக்கணும். சாயங்காலம் வந்து வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். கத்தரிக்கோலை எடுத்தேன், பிறகு கீழே வைத்தேன். திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். தெரிந்த தெய்வங்களையெல்லாம் கும்பிட்டேன். கோயிலில் கோட் விளிம்பு பார்த்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அவன் டெலிபோன் எடுத்தான்.

"அக்கா, தேடினீங்களாம்? மூண்டு மீன்! ஒண்டு என்ரை முழங்கையளவு!"

குரலைக் கேட்டதும் மெசின் மேலே தலையை வைத்துவிட்டேன். அழுகை வந்தது. அவன் மீனைப் பற்றியே சொல்லிக்கொண்டு போனான். உடுப்பைப் பார்த்து எல்லாரும் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். லண்டனில் என் அக்கா தைத்தது என்று சொன்னானாம். சரி, வந்துவிட்டான், பத்திரமாக இருக்கிறான், இன்னொன்று வாங்கி ஏதாவது சாட்டுச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. மானமும் போகாது. அப்போது அவன் சொன்னான்:

"ஒண்டு மட்டும் அக்கா. கரையிலை ஐஸ் கொஞ்சம் உடைஞ்சு ஒரு கால் முழங்கால்மட்டும் உள்ளை போயிட்டுது. உடுப்புக்குள்ளை தண்ணி வந்திட்டுது. சப்பாத்தெல்லாம் நிரம்பி, கால் விறைச்சுப் போச்சு. அந்தப் பட்டி இருந்திருந்தால் வந்திருக்காது என்ன?"

"தம்பி, அந்த உடுப்பைக் கழட்டி வை. இனிப் போடாதை" என்றேன். "நான் அதைக் கெடுத்துப்போட்டன். கடைக்காரர் வெட்டக்கூடாதெண்டு சொன்னவர். எனக்கு விளங்கினது, ஆனால் கேக்கேல்லை. இடுப்பிலை ஃபோமையும் எடுத்துப்போட்டன். நீ விழுந்திருந்தால் அது உன்னைத் தாங்கியிருக்குமோ தெரியாது."

அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் சத்தம் போடுவது கேட்டது.

"அக்கா" என்றான் பிறகு, மெதுவாக. "இவ்வளவு காலமும் நான் கரையோடைதான் இருக்கிறனான். இண்டைக்குத்தான் நடு ஏரிக்குப் போனனான். இந்த உடுப்பு இருக்குதெண்ட தைரியத்திலை."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, அழாதையுங்கோ, நான் வீட்டைதானே நிக்கிறன்" என்றான்.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இரண்டு ரயில் மாறிப் போனேன். வெட்டினேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. உங்கள் தம்பி நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு, சின்ன அளவுக்கு ஓடர் எழுதினார். நோர்வேக்கு நேரே அனுப்பச் சொன்னேன். என் மெசினுக்குப் பக்கத்தில் அது ஒரு நாள்கூட இருப்பதை நான் விரும்பவில்லை. அது வந்து சேரும்வரை மூன்று சனிக்கிழமையும் தம்பி வீட்டில் இருந்தான். மச்சாளிடமும் நானே எடுத்துச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, அது நியாயம்.

நாலாவது சனிக்கிழமை மச்சாள் ஒரு படம் அனுப்பினாள். வாசலில் பனிக்குள் தம்பி நிற்கிறான். சின்ன அளவுதான், என்றாலும் கை விரல் நுனியைத் தொடுகிறது. காலில் மூன்று மடிப்பு, அதன் கீழே கணுக்கால் பட்டி இறுகக் கட்டியிருக்கிறது. இடுப்பு ஊதிக்கொண்டு நிற்கிறது. கழுத்தில் அந்த ஆணிக் கயிறு. தமையனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி இருந்தான். படத்துக்குக் கீழே மச்சாள் எழுதியிருந்தாள்: "அக்கா, பாக்கவே சிரிப்பாக் கிடக்கு. கொஞ்சம் குறுக்கித் தருவீங்களோ எண்டு கேக்கிறார்."

படத்தைப் பெரிதாக்கி, ஊதி நின்ற அந்த இடுப்பைக் கனநேரம் பார்த்தேன். பிறகு, ஏலாது என்று எழுதி அனுப்பினேன்.