பக்கத்து மாடிக்கு எதிராக ஒரு மனு

குடியிருப்புப் பகுதியில் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது விதி. திண்டிவனத்தில், எங்கள் பக்கத்து மாடியில் நடனப் பள்ளி தொடங்கிய பெண்ணுக்கு அது தெரியாது. அரசு அலுவலகத்தில் விதி சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான்.

தினமும் மாலையில் ஒரு வெளிநாட்டுப் பாடகியின் புகழ்பெற்ற பாட்டுகளைத் தொகுத்த சி.டி. அங்கே அதிரும். ஆரம்ப காலப் பாட்டுகள் நிதானமானவை. போகப் போக டிரம்ஸ் போய்த் தாள மெஷின் வந்து, வேகம் ஓட்டமெடுக்கும். சப்-கலெக்டர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன்.

மறு வாரம் கடையிலிருந்து திரும்பினால், மூட்டு ஆபரேஷனுக்குப் பின் கட்டிலைவிட்டு இறங்க மறுத்த என் மனைவி சரசு, வாக்கரைப் பிடித்து முதல் பாட்டுக்கு அடி வைத்துக்கொண்டிருந்தாள்.

“பிசியோதெரபிக்காரர் கெஞ்சினப்ப நடக்கலையே?”

“அவரு டிரில் மாஸ்டர் மாதிரி எண்ணுறாருங்க. இது இழுத்துக்கினு போவுது. கடைசிப் பாட்டுக்கு வாக்கர் இல்லாம நடப்பேன் பாருங்க.”

மறுநாளே மனுவை வாபஸ் வாங்கக் கடிதம் கொடுத்தேன். மனு ஒரு மேசைக்கும் வாபஸ் இன்னொரு மேசைக்கும் போகும் என்பது எனக்கா தெரியாது? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். நேரில் போய்க் கேட்டேன். “உங்களுக்குத் தெரியாத புரொசீஜரா சார்? பதில் வரும்” என்றார்கள்.

சரசு பாதி சி.டி.யைத் தாண்டியிருந்தபோது, ஒரு மாலை மாடி மௌனமாக இருந்தது.

“இன்னிக்கு இன்னா லீவா? கேட்டுட்டு வாங்க” என்றாள்.

மனு போட்டதைச் சொல்லிவிட்டேன். அவள் வாக்கரைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். என் சர்வீசில் விதி அவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

‘தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற பதில் வந்து சேர்ந்தது அடுத்த வாரம், மார்ச் ஏழாம் தேதி.