சோப்பு டப்பா அதிகாரி

லிட்டில் அந்தமானில் ஆட்களைக் குடியேற்றத் தொடங்கியிருந்த காலம். அங்கே புதுப் பள்ளிக்கூடத்துக்குச் சரித்திர வாத்தியாராகப் போய்க்கொண்டிருந்தேன். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேறியபோது பக்கத்தில் உட்கார்ந்தவர் ஓர் அதிகாரி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நறுக்கிய மீசை. யார் கையிலிருந்து எதை வாங்கினாலும் உடனே கை கழுவிவிடுவார்; அதற்கென்றே பையில் ஒரு சோப்பு டப்பா.

அந்தத் தீவின் பூர்வகுடிகளான ஓங்கேகளுக்குச் சிவப்புத் துணியும் புகையிலையும் கொண்டுபோனார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஸ்பெயின்காரனும் இப்படித்தான் சார், பாசிமணியைக் கொடுத்துட்டு தேசத்தையே எடுத்துக்கிட்டான்."

"அவன் கொள்ளைக்காரன், மாஸ்டர்ஜி. நாம சர்க்கார்."

கரையில் ஓங்கேகள் முகத்தில் வெள்ளைக் களிமண் கோலத்தோடு நின்றார்கள். மனைவி கணவனுக்குப் பூசிவிடும் அலங்காரம் அது.

"முதல்ல மூஞ்சியக் கழுவச் சொல்லு. அப்புறம்தான் துணி," என்று கூட வந்த பியூனிடம் அதிகாரி சோப்புகளைக் கொடுத்தார்.

கழுவினார்கள். துணி வாங்கிய ஒரு கிழவர், பதிலுக்கு இலையில் பொதிந்த களிமண்ணை அதிகாரியின் கையில் வைத்தார். இவர் அதைக் கடலில் வீசிவிட்டு டப்பாவைத் திறந்தார்.

"பெரியவர் ஆசையா கொடுத்தாரே சார்," என்றேன்.

"இவங்ககிட்ட நாம வாங்கிக்க என்ன இருக்கு, மாஸ்டர்ஜி?"

கேலியில்லை, மனதார நம்பித்தான் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால், குடியேற வருகிறவர்களுக்காக வெட்டிய பெருமரமொன்று முறிந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவர் திரும்பவில்லை. நுரை போகக் கை கழுவிக்கொண்டிருந்தார்.