தேசம்மாவின் கணையமும் என் முகமும்

ஸ்கேன் டெக்னீஷியன் என்பவன் எல்லாவற்றையும் பார்க்கிறவன், எதையும் சொல்லக்கூடாதவன். திருப்பதியில் ஒன்பது வருஷமாக இப்படி வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, நகரிப் பக்கத்து தேசம்மா கதையைக் கேளுங்கள். அவருக்குப் பெற்றவர்கள் வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்கும் ஒரு கட்டி நோய். கணையத்தில் ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், வளர்ந்திருந்தால் ஆபரேஷன்.

வெறும் வயிறு

முதல் தடவை, "ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது" என்று போனில் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லியிருந்தேன். தேசம்மா மொட்டைத் தலையும் சந்தனமுமாக நேரே மலையிலிருந்து இறங்கி வந்தார். வாயோரம் நெய் மினுமினுத்தது. கேட்டால், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். பின்னால் நின்ற கணவர் முனுசாமிதான், "ரெண்டு லட்டு துன்னா சார்" என்று போட்டுக் கொடுத்தார். ஸ்கேனைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"பெருமாள் குடுத்த பிரசாதத்தப் போயி சாப்பாடுன்றியே நைனா, இது நாயமா?"

வம்சக் கோடு

நோய் இன்னும் யாருக்கெல்லாம் இருக்கலாம் என்று பார்க்க டாக்டர் காகிதத்தில் வம்சாவளி போட்டார். தேசம்மாவின் அம்மாவுக்கு இருந்ததாம். "அவங்க கூடப் பிறந்தவங்க?" என்றார் டாக்டர். "ஒரே தம்பி. இதோ குந்திக்கினு இருக்காரே" என்று தேசம்மா தன் கணவரைக் காட்டினார். மேலே தாய்மாமனாக இருந்தவரைக் கீழே புருஷனாக இழுத்ததில் கோடுகள் சிக்கிக்கொண்டன. டாக்டர் வேறு காகிதம் எடுத்தார். முனுசாமியின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்றார். பிற்பாடு அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

"பொண்ணு கட்டும்போதுகூட யாரும் என்னை இவ்ளோ கேள்வி கேக்கல சார்!"

என் முகம்

இந்த வருஷம் ஸ்கேன் முடிந்ததும், "எப்டி கீது?" என்றார் தேசம்மா. படத்தைப் பார்த்த எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அளந்து சொல்ல வேண்டியவர் டாக்டர். "அவர் சொல்வாரும்மா" என்றேன். தேசம்மா என் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார். எனக்கோ அன்றைக்குப் பார்த்துக் கடைவாயில் பல்வலி. தைரியம் சொல்லலாமென்று சிரித்தேன்; சிரிப்பு கோணிக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான், தேசம்மா அழ, முனுசாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளை, டாக்டர் வந்தார். "கட்டி கொஞ்சம்கூட வளரல. ஆபரேஷன் வேணாம்" என்றார். தேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார்.

"எங்கூட்டுக்காரரு மாதிரியே, ஒரு வருஷமா ஒரு வேலையும் செய்யாம குந்திக்கினு இருந்துச்சா? மவராசன், நல்லா இருக்கட்டும்!"

சோம்பேறித்தனத்துக்கு இப்படி வாய் நிறைய வாழ்த்து கிடைப்பதைக் கேட்க வேண்டுமானால் எங்கள் தொழிலுக்குத்தான் வரவேண்டும்.